பரந்தன் கராஜும் மிஸ் அடித்த மொரிஸ் மைனரும்

வன்னியில் பழைய கார் வைத்திருப்பவர்களே குறைவு, அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் வரும் கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, முன்னால் வேப்பமரம், நிழலில் எப்போதும் இரண்டு மூன்று லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வரிசையில் நிற்கும். வேலை செய்கிற ஐயாவுக்கு அறுபது தாண்டியிருக்கும், உதவிக்கு ஒரு பொடியன்.

என்னுடையது அப்பா விட்டுப்போன மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், நின்று ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது. ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி 35 மைல் வேகத்தில் (மீற்றர் மைல்தான் காட்டும்) சீராகப் போகும்போதுதான் வெட்டத் தொடங்கும், அதாவது எஞ்சின் விட்டு விட்டு மிஸ் அடிக்கும். "ஆரோ பின்னால பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு" என்று அம்மா சொல்லுவா. முறிகண்டியில் மற்றவர்கள் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்துவார்கள், நான் கும்பிட்டுவிட்டு பொனற்றையும் திறந்து பார்ப்பேன்.

இதற்கு முதல் வேறொரு பெரிய கராஜில் விட்டேன். கேள்வி ஒன்றும் இல்லை, நேரே சாமான் மாற்றினார்கள். பிளக் நான்கு, கொயில், கொண்டென்சர், பிறகு கார்பரேற்றர் கழற்றிக் கழுவல். நாற்பதாயிரத்துக்கு மேல் போனது, கார் அதே இடத்தில் அதே மாதிரி வெட்டியது. "பழைய கார்தானே" என்றார்கள். அந்தச் சொல்தான் எனக்குச் சுட்டது.

பரந்தன் ஐயா முதல் பத்து நிமிடம் சாவியையே எடுக்கவில்லை. கேள்விதான்.

"அக்சிலேற்றரை முழுசா அமத்தினா என்ன செய்யுது தம்பி?"

"அப்ப நல்லா இழுக்குது ஐயா. அரைவாசியில பிடிச்சுக்கொண்டு போனாத்தான் வெட்டுது."

"அப்ப பெற்றோலிலை பிழை இல்லை."

யோசித்தால் சரிதான். பெற்றோல் போதாமல் வெட்டுகிற கார் முழுதாக மிதிக்கும்போது அல்லவா இன்னும் மோசமாக வெட்ட வேண்டும்? மூன்று மாதமாக எனக்கு இது ஓடவில்லை.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். நான்கிலும் சத்தம் ஒரே அளவாக இறங்கியது, ஆக ஏதோ ஒரு சிலிண்டரின் நோய் இல்லை. இந்த எஞ்சினில் நடுவில் உள்ள இரண்டும் மூன்றும் சேர்ந்து அடங்கினால் அவற்றுக்கு நடுவே ஹெட் கஸ்கற் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அப்படியென்றால் செலவு வேறு என்றார். பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன, அதாவது எரிவது சரி. பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் தொடுமுனைதான் பொயின்ற், அதன் இடைவெளியைத் தகடு வைத்துப் பார்த்தார், 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதுவும் சரி.

அப்புறம் செய்ததுதான் விஷயம். கார்பரேற்றரில் இருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வக்யூம் (உறிஞ்சு விசை) குழாயைக் கார்பரேற்றர் பக்கம் கழற்றி, துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சினார். உறிஞ்சினால் டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற் இருக்கிற தட்டுத் திரும்பி, தீப்பொறி கொஞ்சம் முந்தி, எஞ்சின் வேகம் கூட வேண்டும். கூடவில்லை, தடுமாறியது. விட்டார், சீராக ஓடியது. திரும்ப உறிஞ்சினார், திரும்பத் தடுமாறியது. பொடியனுக்குச் சிரிப்பு, எனக்கு மயிர்க்கூச்சம்.

டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து, பொயின்றுக்குப் போகிற சின்ன வயரை இடுக்கியால் மெல்ல இழுத்துக் காட்டினார். உறை ரப்பர் போல நீண்டது. வெளியே ஒரு கீறல் இல்லை, உள்ளே செம்பு இழைகள் அறுந்து முனையோடு முனை தொட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. அரைவாசி மிதித்து ஓடும்போது வக்யூம் தட்டைத் திருப்ப, வயர் இழுபட்டுத் தொடர்பு விடும். முழுதாக மிதித்தால் வக்யூம் விழுந்து தட்டுப் பழைய இடத்துக்கு வரும், முனைகள் திரும்பவும் தொடும். ஒரு விரல் நீள வயர்!

நல்ல மெல்லிய இழைகள் கொண்ட வயர் ஒன்றைத் தேடி எடுத்து ஈயம் வைத்து ஒட்டினார். தடித்த வயர் போட்டால் ஆடி ஆடித் திரும்ப முறியுமாம். எல்லாமாக முக்கால் மணி நேரம், 2500 ரூபா. பெரிய கராஜில் கழற்றின பழைய கொண்டென்சர் எங்கே என்று கேட்டார், டிக்கியில்தான் கிடந்தது. எறிய வேண்டாம், இப்போது வருகிற புதியவற்றை நம்ப ஏலாது, காரிலேயே வைத்திரு என்றார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஓடிய கார்களில் தொழில் பழகியவர். கார்பரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். பிளக் கரி பிடிக்கும், கழற்றித் துடைத்துத் திரும்பப் போட வேண்டும். மாற்றப் புதுச் சாமான் கிடையாது, ஆகவே பிழையைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. அவர் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கை துடைத்துக்கொண்டே சொன்னார்.

குறைகளும் உண்டு. பில் தரமாட்டார். கதை நீளும். விதைப்புக் காலத்தில் லாண்ட்மாஸ்டர்களுக்குத்தான் முதலிடம், நான் முதல் தடவை போனபோது நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். உதிரிப்பாகம் அவரிடம் இராது, நீங்கள்தான் கொண்டு போக வேண்டும். பெயின்ற் வேலை, ஏசி, புதுக் கார்களின் கொம்பியூற்றர் சமாச்சாரம் எதுவும் அங்கே கேட்காதீர்கள்.

அன்று பின்னேரம் கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் வரை வேண்டுமென்றே 35 மைலில் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவைகூட வெட்டவில்லை. முறிகண்டியில் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு, பொனற்றைத் திறக்காமலே வெளிக்கிட்டேன். போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னரே போய்விடுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போது வருகிற பிழை என்றால் ஓட்டிக்கொண்டே போங்கள், ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.