ஜீவனி பக்கட்: கடற்கரை மரதனுக்கு இறங்கும் மலையக ஓட்டக்காரருக்கு எவ்வளவு உதவும்?

வயிற்றோட்டத்துக்கு என்று பார்மசியில் வாங்கி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனி, 42.195 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் பொருந்துமா? உப்புக்குப் பொருந்தும், பசிக்குப் பொருந்தாது. பக்கட்டில் சொன்னபடியே கலக்கினால் அது ஓடி முடித்தபின் குடிக்க வேண்டிய பானம். ஓடும்போது குடிப்பதற்கு அளவைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய சூத்திரப்படி ஒரு லீற்றர் தண்ணீருக்குக் கறியுப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5, சோடியம் சித்திரேற்று என்ற இன்னொரு உப்பு 2.9, குளுக்கோஸ் 13.5. மொத்தம் 20.5 கிராம். பழைய சூத்திரம் 27.9 கிராம். ஆகவே கடையில் எந்தப் பெயரில் தந்தாலும் உறையில் அச்சிட்ட எடையைப் பாருங்கள். கீழே சொல்லும் கணக்கெல்லாம் 20.5 கிராம் பக்கட்டுக்குத்தான்.

இந்தக் கரைசலில் லீற்றருக்கு 75 மில்லிமோல் (கரைந்த பொருளை அளக்கும் அலகு) சோடியம் உண்டு. வழமையான விளையாட்டுப் பானங்களில் ஏறக்குறைய 20தான். உப்பு வெள்ளையாகப் படியும் அளவுக்கு வியர்க்கிறவருக்கு அந்த 20 போதாது, இது தாராளம். குளுக்கோஸ்தான் குறை. 13.5 கிராம் என்பது சுமார் 54 கலோரி. மரதனில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உள்ளே போக வேண்டும். வெறும் ஜீவனியை நம்பினால் 30 கிலோமீட்டர் தாண்டியதும் கால் கல்லாகும். உப்புக் குறைந்துவிட்டது என்று இன்னொரு பக்கட் கரைப்பார்கள், உண்மையில் தீர்ந்தது சீனி.

ஓட்டத்துக்கான கலவை இது: ஒரு பக்கட், 60 கிராம் சீனி (தலைதட்டிய ஐந்து மேசைக்கரண்டி), கொதித்து ஆறிய தண்ணீர் ஒன்றரை லீற்றர். சோடியம் 50 மில்லிமோலுக்கு இறங்கும், மாச்சத்து லீற்றருக்கு 49 கிராமாக ஏறும். கரைசலின் செறிவும் இரத்தத்தின் செறிவுக்குக் கிட்ட நிற்பதால் வயிறு தாங்கும். சீனியை இதற்கு மேல் கூட்டினால் குமட்டும். தேசிக்காய் பிழியலாம், சோடாவிலோ நெக்டோவிலோ கரைக்கக் கூடாது. சீனி சேர்த்த இந்தக் கலவையை வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்கு உறையில் எழுதிய முறை மட்டும்தான்.

கலக்கும்போது பலர் பிழைவிடும் இடம் ஒன்று. அரை லீற்றர் போத்தல் மூன்றுக்கும் தூளைக் கண்மட்டத்தில் பங்கு போடுவார்கள். உப்பும் குளுக்கோசும் ஒரே பருமனில்லை. பைக்குள் சீராகக் கலந்திருக்காது. ஒரு போத்தல் கடல் தண்ணியாகவும் மற்றது சீனித் தண்ணியாகவும் வரும். ஒரே பாத்திரத்தில் முழுதாகக் கரைத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க முடியாது. பதுளையிலோ ஹட்டனிலோ முந்திய நாள் காலையில் கரைத்துக்கொண்டு ரயிலேறுவதைவிட, தூளையும் அளந்த சீனியையும் எடுத்துப்போய்க் கொழும்பில் கரைப்பது நல்லது. நம்மூர் மூடுபனி திறந்த பக்கட்டை இரண்டு நாளில் கட்டியாக்கிவிடும். நிறம் மாறிக் கட்டிபட்டதை எறிந்துவிடுங்கள்.

எவ்வளவு குடிப்பது? ஒரு மணி நேரம் ஓடி, முன்னும் பின்னும் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லீற்றர், அதோடு இடையில் குடித்ததையும் கூட்டினால் உங்கள் வியர்வை அளவு வரும். இந்தச் சோதனையை 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் செய்து பயனில்லை. அவிசாவளைக்காவது இறங்கிச் செய்யுங்கள். பெரும்பாலானோருக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லிலீற்றர் போதும். முடிவில் நிறை கூடியிருந்தால் அது ஆபத்தின் அடையாளம். அளவுக்கு மிஞ்சிய தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தைக் கீழே இறக்கும். தலையிடி, வாந்தி, விரல் வீக்கம், தடுமாற்றம் தெரிந்தால் மேலும் குடிக்கக் கொடுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஜீவனி குடித்தால் இது வராது என்பது தப்பு. இரத்தத்தில் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்கிறது, ஜீவனியில் அதில் பாதிதான்.

செவ்விளநீரோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். ருசிக்குக் குடிக்கலாம், வியர்வை உப்புக்கு ஈடாகாது.

எந்தப் பக்கட்டாலும் தர முடியாதது வெக்கைப் பழக்கம். மலையேறி இறங்கிப் பழகிய நெஞ்சுக்குச் சமதரை லேசு என்ற நம்பிக்கை நம்மிடையே பலமாக இருக்கிறது. கரையோர ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசினால் இன்னும் மோசம், மேலில் காற்றே படாது. உடம்பு இதற்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். லீவு கிடைக்காதவர்கள் அந்த இரண்டு கிழமையும் மத்தியான வெயிலில் இரண்டு சட்டை போட்டு மெதுவாக ஓடலாம். முழுப் பலன் வராது, ஆனால் ஒன்றும் செய்யாமல் இறங்குவதைவிட மேல். போட்டியன்று முதல் 10 கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள்.

ஒரு பக்கட்டில் 1.7 கிராம் சோடியம் இருக்கிறது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்குக் கீழே என்பதே பரிந்துரை. பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு, சீனி வியாதி உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பயிற்சி நாட்களில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு யாருக்குமே இது தேவையில்லை, தண்ணீர் போதும்.