லேத்தைக் கொண்டுபோனவர்களுக்கு மூன்று நட்சத்திரம்

71 வயதில் வீட்டுப் பட்டறையைக் காலி செய்து, உலோகம் கடையும் என் லேத்தை விற்க, பழைய மெஷின்களை வீட்டுக்கே வந்து பார்த்து வாங்கிப்போகும் சேவை ஒன்றைக் கூப்பிட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன்.

எனக்குக் கை நடுக்கமெல்லாம் இல்லை, கண்தான் தகராறு. வெர்னியர் அளவுகோலின் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிய ஆரம்பித்ததும் முடிவு செய்துவிட்டேன். கடைய வேண்டிய கம்பியைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு முன்னால் குத்துமதிப்பாக வேலை பார்க்க முடியாது.

விலை போட வந்த இளைஞர் டேப்பை வைத்து நீளம் அளந்தார். எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார். அவ்வளவுதான். லேத்தின் நீளமான அடிப்பாகமான பெட்டில், சக்கை ஒட்டிய பகுதியை விரல் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. லேத் அதிகம் தேய்வது அங்கேதான்; எதிர்முனையில் டெயில்ஸ்டாக் பக்கம் பல வருஷமானாலும் புதிது போல இருக்கும். அவர் சொன்னது காயலான் கடை விலை.

சரி என்று ஸ்விட்சைப் போட்டேன். தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, கொஞ்ச நீளம் கடைந்து, மைக்ரோமீட்டரை அவர் கையிலேயே கொடுத்து தேய்மானத்தால் தடிமன் மாறுகிறதா என்று இரண்டு முனையிலும் அளக்கச் சொன்னேன். அப்புறம் பெஞ்சுக்கு அடியிலிருந்து மரை வெட்ட மாற்றிப் போடும் சேஞ்ச் கியர்கள் இருந்த பெட்டியை இழுத்து, 127 பல் கியரை எடுத்து வைத்தேன். மரை வெட்டும்போது உளியை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்ட அது வேண்டும். அங்குலத்துக்கு 25.4 மி.மீ.; ஐந்தால் பெருக்கினால் 127. இந்தப் பெட்டி தொலைந்துபோன லேத் பாதி லேத்துதான். தம்பி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நான் இல்லாத காலத்தில் என் மனைவி விற்க நேர்ந்திருந்தால் முதல் விலைக்கே போயிருக்கும். இரண்டு நட்சத்திரம் குறைந்தது அதற்குத்தான். விற்கிற எண்ணம் இருப்பவர்கள், மெஷினை ஓட்டிக் காட்டும் தெம்பு இருக்கும்போதே ஆளைக் கூப்பிடுங்கள்.

தூக்கிய விதத்தில் குறையே இல்லை. சக் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம் என்பதால், உளியைத் தாங்கி நகரும் கேரியேஜையும் டெயில்ஸ்டாக்கையும் எதிர்க்கோடிக்குத் தள்ளிப் பூட்டினார்கள். லீட் ஸ்க்ரூவில் தூக்கும் பட்டை அழுத்தாமல் இருக்க நடுவே மரக்கட்டை கொடுத்தார்கள். அப்புறம் தரையில் குழாய்களைப் போட்டு, அவசரப்படாமல் உருட்டி வெளியே கொண்டுபோனார்கள். வாசல் நிலையில் ஒரு கீறல் இல்லை.

பெஞ்ச் வைஸையும் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

ராத்திரி சட்டையைக் கழற்றும்போது பையில் சக்கை இறுக்கும் சாவி இருந்தது. மறுநாள் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து வாங்கிப்போனார்.