முகடா, ஓடையா, வண்டித்தடமா? மலைக்கிராமத்தைச் சுற்றி மூன்று நடைவழிகள்

காட்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் கிராமம் எதுவானாலும், நடக்கக் கிளம்புகிறவர் முன்னால் பெரும்பாலும் இந்த மூன்று வழிகள்தான் இருக்கும். ஊருக்கு மேலே தெரியும் முகட்டுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை ஒன்று. ஓடையை ஒட்டியே பள்ளத்தாக்குக்குள் போகும் தடம் இன்னொன்று. எப்போதோ மரம் இழுக்கவும் சுமை கொண்டுபோகவும் வெட்டிய பழைய வண்டித்தடம் மூன்றாவது. முதல் இரண்டையும் ஆளாளுக்குப் படம் எடுத்துப் போடுவார்கள். மூன்றாவதை யாரும் சீண்டுவதில்லை. நான் அந்த மூன்றாவதன் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

"எத்தனை கிலோமீட்டர்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மலையில் அதைப் போல ஏமாற்றும் கேள்வி வேறில்லை. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது இப்படி வரும்: சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். ஒரு பேச்சுக்கு, முகட்டுப் பாதை 4 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டித்தடம் 8 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். கணக்குப் போட்டால் முகட்டுக்கு 2 மணி 8 நிமிடம், வண்டித்தடத்துக்கு 2 மணி 6 நிமிடம். தூரம் இரட்டிப்பு, நேரம் ஒன்றுதான்! ஓடைவழி 5 கிலோமீட்டர், 150 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றேகால் மணி நேரம்தான் வரும். காகிதத்தில் ஓடை ஜெயித்துவிடும்.

காகிதத்தில் மட்டும்தான். நைஸ்மித் கணக்கு, காலை வைத்த இடத்தில் கால் நிற்கும் என்று நம்புகிறது. ஓடைக்கரையில் அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. பாசி பிடித்த பாறை, ஈர வேர், இந்தக் கரையில் வழி முடிந்து அந்தக் கரைக்குத் தாண்ட வேண்டிய இடங்கள். ஒரு முறை ஒரே ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட வந்தவர் இரண்டு தடவை உட்கார்ந்தார், இரண்டும் அவர் விரும்பி உட்கார்ந்ததல்ல.

ஆனாலும் ஓடைவழியின் மேல் ஆசை வருவது நியாயம்தான். வழி முழுக்க நிழல், காதில் தண்ணீர்ச் சத்தம், உச்சி வெயிலிலும் குளிர்ச்சி. அந்தச் சத்தத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: நாம் வருவது விலங்குக்குக் கேட்காது, விலங்கு இருப்பது நமக்குக் கேட்காது. வளைவில் திடீரென்று நேருக்கு நேர் நிற்க நேரலாம். அதனால் ஓடையோரம் நடக்கும்போது கொஞ்சம் உரக்கவே பேசிக்கொண்டு போவது நல்லது.

ஓடையில் உண்மையில் பயப்பட வேண்டியது மேலே பெய்யும் மழைக்கு. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். இரண்டு மலை தள்ளிப் பெய்த மழை ஒரு மணி நேரம் கழித்து நம்மிடம் வந்து சேரும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ யோசிக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். கணுக்கால் அளவுதானே என்று இறங்குவதுதான் தப்பு. அட்டைகளும் அங்கேதான் அதிகம். கடித்தால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாதபடி அது ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால், விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கசியும், பதறத் தேவையில்லை.

முகட்டுக்கு வருவோம். அதைக் குறைசொல்ல எனக்கே மனசு வராது. மரங்கள் குட்டையாகி, காற்று மாறி, கடைசியில் வானம் சட்டென்று திறக்கும் அந்த இடத்துக்கு ஈடில்லை. 800 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ச்சி கூடும். வியர்த்த சட்டையோடு காற்றில் நின்றால் அது இன்னும் அதிகமாகத் தெரியும். செல்போன் சிக்னலும் ஜிபிஎஸ்ஸும் இந்த மூன்றில் இங்கேதான் ஒழுங்காக வேலை செய்யும். குறுகிய பள்ளத்தாக்கில் வானமே பாதிதான் தெரிகிறது, செயற்கைக்கோள் எப்படித் தெரியும்?

ஆனால் முகடு காலை நேரத்துக்கு உரியது. வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் மேலேறி, பிற்பகலில் மேகமாகக் கட்டிக்கொள்ளும். இடி மின்னல் காலத்தில் முகட்டில் நிற்பவர்தான் அந்தப் பக்கத்திலேயே உயரமான பொருள். மின்னல் தெரிந்து இடி கேட்க எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, இறங்க வேண்டியதுதான். அங்கே தண்ணீரும் கிடைக்காது, கீழேயிருந்தே சுமக்க வேண்டும். அப்புறம் அந்தப் பொய் உச்சிகள்! இதோ வந்துவிட்டது என்று ஏறி நின்றால், பின்னால் இன்னொன்று சிரித்துக்கொண்டு நிற்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய விஷயம் இறக்கம். நைஸ்மித் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1993-இல் புவியியலாளர் வால்டோ டோப்ளர் நடைவேகத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதன்படி நாம் மிக வேகமாக நடப்பது சமதளத்தில் அல்ல, 5 சதவீத இலேசான இறக்கத்தில், அதாவது நூறு மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவில். மணிக்கு 6 கிலோமீட்டர். இறக்கம் 30 சதவீதம் ஆனால் வேகம் மணிக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு விழுந்துவிடும். 20 சதவீத ஏற்றத்தில் ஏறும் வேகமும் அதேதான். அதாவது செங்குத்தான பாதையில் திரும்பி வரும்போது, இறக்கம்தானே என்று சமதள வேகத்தில் கணக்குப் போட முடியாது. தொடையின் முன்தசை நீண்டபடியே உடம்பைத் தாங்குவதால் வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் படிக்கட்டு இறங்கும்போது தெரியும். களைத்த காலும் மங்கும் வெளிச்சமும் சேரும் நேரமும் அந்த இறக்கம்தான்.

வண்டித்தடம் இங்கேதான் முந்துகிறது. சுமை இழுக்கும் மாட்டால் செங்குத்தாக ஏற முடியாது, எனவே அதை வெட்டியவர்கள் சரிவைக் குறுக்காக வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருப்பார்கள். இன்று பாதை அமைப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: பாதையின் சாய்வு மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் போகக் கூடாது, சராசரியாக 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. அதை மீறினால் மழைத்தண்ணீர் குறுக்கே கடந்து போகாமல் பாதையிலேயே ஓடி, சில வருடங்களில் அதை வாய்க்காலாக அரித்துவிடும். நேராக மேலேறும் பல முகட்டுப் பாதைகள் இடுப்பளவு பள்ளமாகிக் கிடப்பது இதனால்தான். கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்கே இறங்குகிறவர்களும் இந்த அரிப்புக்கு உதவுகிறார்கள், புண்ணியவான்கள்.

வண்டித்தடத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. காட்சி பெரிதாக எதுவும் இல்லை. மரம் வெட்டிய இடங்களில் வெயில் நேரடியாகத் தலையில் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளைகள். மரம் இழுத்த தடம் என்றால் பத்து இடத்தில் பிரியும், அதில் பாதி நடுக்காட்டில் போய் நின்றுவிடும். முகட்டிலோ ஓடையிலோ வழிதவறுவது கொஞ்சம் கஷ்டம். இங்கே ரொம்பச் சுலபம். ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பிப் பார்த்து, வரும்போது இது எப்படித் தெரியும் என்று மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசிலும் பையில் கிடக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் குறி. கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார்.

மூன்று நாள் தங்குகிறீர்கள் என்றால், முதல் நாள் வண்டித்தடம். கால் பழகும், எந்த முகட்டுக்கு எப்போது மேகம் வருகிறது என்பதும் கண்ணில் படும். இரண்டாம் நாள் விடிந்ததும் முகடு. காட்டு விலங்குகள் நடமாடும் இருட்டு நேரத்தில் கிளம்ப வேண்டாம், வனத்துறை அனுமதி தேவையா என்று முந்தின நாளே கேட்டு வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் ஓடை, அதுவும் முந்தின இரவு மழை இல்லையென்றால் மட்டும். மழை பெய்திருந்தால் மறுபடியும் வண்டித்தடம்தான். இந்தத் தடவை முதல் நாள் விட்ட கிளைகளில் ஒன்றைப் பிடித்துப் போங்கள், ஆனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே தீர்மானித்துவிட்டு.