டிஸ்னி வேர்ல்ட் சாப்பாட்டுத் திட்டம்: யாருக்கு லாபம்?

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் முன்பணம் கட்டிச் சாப்பிடும் திட்டம் 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. டிஸ்னி விடுதியில் பேக்கேஜாகத் தங்குபவர்களுக்கு மட்டுமே உண்டு. அறையில் 3 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் ஒரே திட்டத்தில் சேர வேண்டும்; அரை வயிறு சாப்பிடும் பாட்டிக்கும் முழுக் கட்டணம்தான்.

இதில் இரண்டு வகை. சின்னதான குவிக் சர்வீஸ் திட்டத்தில் ஓர் இரவுக்கு ஒருவருக்கு கவுன்ட்டர் சாப்பாடு 2, ஸ்நாக் 1. பெரிய திட்டத்தில் கவுன்ட்டர் சாப்பாடு 1, உட்கார்ந்து சாப்பிடுவது 1, ஸ்நாக் 1. இரண்டிலும் விடுதியில் பானம் நிரப்பிக்கொள்ளும் மக் உண்டு. கணக்கு இரவை வைத்துத்தான், பகலை வைத்து அல்ல: 4 இரவு, 5 பகல் என்றால் 4 நாளுக்கான கிரெடிட்தான் (சாப்பாட்டுக்கு ஈடாகக் கழியும் டோக்கன் மாதிரி) கிடைக்கும்.

பெரிய திட்டத்தின் பணம் மிக்கி, மின்னி வந்து நிற்கும் பஃபேக்களில்தான் திரும்பி வரும். அங்கே ஒரு கிரெடிட் போதும். உயர்தர உணவகங்கள் பலவற்றில் இரண்டு போய்விடும், அது வீண். ஸ்டார்ட்டர் சேராது, டிப்ஸும் தனி. மேசையை 60 நாள் முன்பே பிடிக்காவிட்டால் நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். கிரெடிட் கையிலேயே தேங்கும். அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு அது காலாவதி, பணம் திரும்பாது.

21 வயது நிரம்பியவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு மதுபானமும் அடக்கம். குடிக்காத, சைவக் குடும்பம் என்றால் டிஸ்னி செயலியில் மெனு விலையைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கையிலிருந்து கொடுப்பதே மலிவு.