குடியிருப்புக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்: 11 ஆண்டு அனுபவம்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி, 48 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிநீர் வாரியக் குழாயும் இல்லை, பாதாளச் சாக்கடையும் இல்லை. 2013-இல் குடிவந்த நாள் முதல் ஆழ்துளைக் கிணறு, டேங்கர் லாரி, மொட்டை மாடி மழைநீர், கட்டடத்திலேயே உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஆகிய நான்கையும் நம்பியே வாழ்கிறோம். சங்கத்தில் ஆறு ஆண்டுகள் பராமரிப்புப் பொறுப்பை வகித்தவன் என்ற முறையில், பின்னிரண்டைப் பற்றி எழுதுகிறேன்.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-இலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஆனால் எங்களுக்குக் கட்டித் தரப்பட்ட ஆழமற்ற குழிகள் இரண்டே ஆண்டுகளில் சேற்றால் மூடிக்கொண்டன. பிறகு நாங்களே உறைகள் இறக்கிக் கசிவுக் கிணறு அமைத்தோம். மாடி நீரைச் சரளையும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாகத் தரைத்தொட்டிக்குக் கொண்டுவந்தோம். ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன் மணலை அலசிப் போடுவதைத் தவிர அதில் வேலையே இல்லை.

ஆயினும் கணக்குப் போட்டபோதுதான் ஓர் உண்மை புரிந்தது. எங்கள் மாடி 6,000 சதுர அடி. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது, சேதாரம் போக 6 லட்சம் லிட்டர் தேறும். நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி, 170 பேருக்கு அது ஒரு மாதத்துக்குக்கூடப் போதாது. கழிப்பறைக்கு மட்டும் ஆளுக்கு 45 லிட்டர் என்று கொண்டால், அதைச் சுத்திகரித்த நீரால் ஈடுகட்டும்போது ஆண்டுக்கு 27 லட்சம் லிட்டருக்கு மேல் மிச்சமாகிறது. மழைநீரை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் தரும் நிலையத்தையோ நாற்றமடிக்கும்போது மட்டுமே நினைக்கிறோம்.

அந்த அலட்சியத்துக்கு விலையும் கொடுத்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்திலிருந்த காற்றூதும் ப்ளோவர் மூழ்கிப் பழுதானது. புதியதைத் தரைமட்டத்துக்கு மேல் மேடை கட்டி வைத்ததால், 2023-இல் மிக்ஜாம் புயலின்போது சேதமில்லை. ஆனால் இடையில், 2017-இல், மின்கட்டணத்தைக் குறைக்க இரவு எட்டு மணி நேரம் ப்ளோவரை நிறுத்தலாம் என்று எங்கள் குழுவே முடிவெடுத்தது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிரிகளுக்குக் காற்று கிடைக்காததால், சில வாரங்களில் நீர் கறுத்துத் துர்நாற்றம் வீசியது. வீட்டார் வற்புறுத்தியதால் கழிப்பறைகளுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரையே திருப்பிவிட்டோம்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, பதிவு செய்த லாரி நான்கு நாள் கழித்து வந்தபோதுதான், அந்த நிலையத்தை மீட்கும் அவசரம் எல்லோருக்கும் உறைத்தது. வேறொரு குடியிருப்பில் நன்கு இயங்கும் நிலையத்திலிருந்து நுண்ணுயிரிகள் நிறைந்த கசடு கொண்டுவந்து உறை ஊற்றுவதுபோல் ஊற்றி, ப்ளோவரை இடைவிடாமல் ஓடவிட்டதில், ஒரு மாதத்துக்குள் நீர் தெளிந்தது. அன்று முதல் நாள்தோறும் ஒரு லிட்டர் அளவுக் குவளையில் ப்ளோவர் காற்றூதும் தொட்டியின் நீரை எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிறோம். பழுப்பு நிறக் கசடு கால்பங்கு அளவில் படிந்து, மண்வாசனை வந்தால் நலம். கறுத்திருந்தால் காற்று போதவில்லை. இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை, அக்கறையுள்ள ஒருவர் போதும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கழிப்பறையில் அளவின்றிக் கொட்டுவதைத்தான் இன்னும் முழுமையாகத் தடுக்க முடியவில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போக நாள்தோறும் பல ஆயிரம் லிட்டர் சுத்திகரித்த நீர் மிஞ்சுகிறது. கோடையில் அதைக் கட்டுமான வேலைகளுக்கு எடுத்துச் செல்கிறார்கள், மழைக்காலத்தில் நாங்களே பணம் கொடுத்து லாரியில் அனுப்புகிறோம். பராமரிப்புக் கட்டணத்தோடு வீட்டுக்கு மாதம் 150 ரூபாயை, தேய்ந்த கருவிகளை மாற்றுவதற்கான நிதியாகத் தனிக் கணக்கில் சேர்த்துவருகிறோம். இப்போதுள்ள ப்ளோவரை அடுத்த ஆண்டு மாற்ற வேண்டியிருக்கும். அதற்கான தொகை அந்தக் கணக்கில் இருக்கிறது.