எஞ்சின் பிரித்துக் கட்டிய பிறகு வந்த கசிவுகள்: இரண்டு வருட அனுபவம்

செங்குன்றம் தாண்டி எங்கள் ஷெட்டில் நிற்கும் ட்ராக்டர் அப்பா வாங்கியது. மூன்று சிலிண்டர், வெட் லைனர் எஞ்சின். அதாவது பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரிலேயே நிற்கும். இரண்டு வருடம் முன்பு முழுக்கப் பிரித்துக் கட்டினோம். சாமான்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கியவை, ஹெட் ஃபேசிங் (எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டின் அடிப்பரப்பை மட்டமாக்குவது) அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில். அதன்பின் 600 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது, இப்போது ரேடியேட்டரில் தண்ணீர் அளவு குறைவதில்லை. ஆனால் முதல் நான்கு மாதம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் வாட்டர் பம்ப் சொட்டியது. பம்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்த வழியாக வெளியேறும். பட்டறைப் பையன் அதில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டான். சொட்டு நின்றது, மூன்றாம் வாரம் பேரிங் கத்த ஆரம்பித்தது. புது பம்ப் செலவு எனக்கு.

அடுத்தது, காலையில் மட்டும் தரையில் ஈரம். வண்டி சூடானால் ஒன்றும் இருக்காது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப் தளர்வுதான். எஞ்சின் ஆறியதும் ரப்பர் சுருங்கி வழிவிட்டிருக்கிறது. அரைத் திருகல், முடிந்தது.

மூன்றாவதுதான் ஆளைக் கொன்றது. வெளியே ஒரு சொட்டு இல்லை, ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டரில் குமிழி வரும், இல்லை சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். இரண்டும் இல்லை. ஆயில் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயிலும் பார்க்க நன்றாகவே இருந்தது. அப்புறம் புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாம, சம்ப் நட்டை லேசா லூஸ் பண்ணிப் பாரு. தண்ணி அடியில தங்கும், அதுதான் முதல்ல வரும்." சம்ப் என்பது எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. மறுநாள் காலை அப்படியே செய்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வந்த பிறகுதான் ஆயில் வந்தது.

தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று பார்க்க, சம்பைக் கழற்றி, பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் ட்யூப் வால்வைப் பற்றவைத்து, சைக்கிள் பம்பால் 7 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றினேன். எங்கள் வண்டியின் ரேடியேட்டர் மூடிக்குக் குறித்த அழுத்தம் அதுதான். அதற்கு மேல் ஏற்றினால் ரேடியேட்டர் பிளந்துவிடலாம். கீழே செய்தித்தாள் விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் நடு சிலிண்டருக்கு நேர்கீழே மட்டும் வட்டமாக ஈரம்.

ஹெட், பிஸ்டன், லைனர் எல்லாம் மறுபடி வெளியே வந்தன. லைனரின் அடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓரிங் ஒரு இடத்தில் நறுக்கினாற்போல் கிழிந்திருந்தது. பிளாக்கில் அது உட்காரும் இடத்தில் பழைய உப்புக்கட்டி கூராக ஒட்டிக்கொண்டிருந்தது. வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியதற்குக் கிடைத்த பரிசு. லைனர்களை இறக்கிய நாளில் அதை எமரித் தாளால் நன்றாகத் தேய்க்கவில்லை. அது என் கைவேலை, யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த முறை வழவழவென்று தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, ரிங் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, கையாலேயே அழுத்தி இறக்கினேன். பிளாக் மட்டத்துக்கு மேல் லைனர் எவ்வளவு நிற்கிறது என்று டயல் கேஜ் (நுண்ணிய உயர வித்தியாசத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன். ஹெட்டை மூட்டுவதற்கு முன்பே அதைப் பார்க்க வேண்டும், குறைந்தால் கேஸ்கெட் பிடிக்காது. புது ஆயில் ஊற்றி இருபது நிமிடம் ஓட்டி, அதையும் கொட்டிவிட்டு, ஃபில்டரோடு மறுபடி மாற்றினேன். தண்ணீர் கலந்த ஆயில் மெயின் பேரிங்கைத் தின்றுவிடும், அதில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

இப்போது டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. கூலண்ட் குளிரில் தண்ணீர் உறையாமலும் காக்கும். "இங்க என்ன பனியா பெய்யுது?" என்று பட்டறையில் சிரித்தார்கள். எனக்கு வேண்டியது துருவும் உப்பும் பிடிக்காமல் இருப்பது.

பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் தகர மூடிகளில் ஒன்று மட்டும் ஓரத்தில் பச்சையாக லேசாகக் கசிந்து காய்ந்திருக்கிறது. சொட்டவில்லை, அளவும் குறையவில்லை. பொங்கலுக்குப் பிறகு கல்டிவேட்டர் வேலை ஓய்ந்ததும் அதை மாற்ற வேண்டும்.