பழைய 2, புதுப்பித்த 3ஏ: எது என்ன?

காரைக்குடி வழியாக டீசல் ரயில் எஞ்சின்கள் ஓடிய காலத்தில் செட்டிநாடு ஸ்டேஷனில் நின்று பார்த்தவர்களுக்கு டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-3ஏ என்ற இரண்டு எஞ்சின் வகைகளும் ஒரே முகம்தான். எண்ணைப் படித்தால்தான் தெரியும்: 3ஏ என்றால் 3100 குதிரைத்திறன் (3 என்றால் 3000, ஏ என்றால் கூடுதல் 100), 2 என்பது வெறும் மாடல் எண். பழையதன் திறன் 2600.

சட்டகம் மாறவில்லை, 228 மி.மீ. விட்டமுள்ள 16 சிலிண்டர் ஆல்கோ (அமெரிக்க நிறுவனம்) வடிவமைப்பு டீசல் எஞ்சினும் அதேதான். பாட்டியாலா பணிமனையில் பாதி ஆயுள் புதுப்பிப்புக்குப் போன 2, 3ஏ-வாகத் திரும்பியது. 15 மி.மீ. எரிபொருள் பம்ப் 17 மி.மீ. ஆனது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), காற்றுக் குளிர்விப்பான், கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஸ்டீல் தலை பிஸ்டன் எல்லாம் சேர்ந்தே மாறின. பம்பை மட்டும் பெரிதாக்கினால் கூடுதல் டீசலுக்குக் காற்று போதாது. வெளியேறும் வாயுவின் சூடு ஏறி வால்வும் டர்போவும் அடிவாங்கும்.

கரும்புகை இரண்டிலும் உண்டு. லோகோ பைலட் நாட்சை (திறனைக் கூட்டும் கைப்பிடியின் படி) மளமளவென ஏற்றினால் டீசல் உடனே வந்துவிடும், டர்போ வேகம் பிடிக்கச் சில நொடி ஆகும். அந்த இடைவெளிதான் புகை. நாட்ச் நாட்சாக ஏற்றினால் குறையும்.

கிளம்பும்போது இழுவையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எடை ஏறக்குறைய ஒன்றுதான், சக்கரப் பிடிப்பே அங்கு எல்லை. வேகம் பிடித்த பிறகுதான் அந்த 500 குதிரைத்திறன் வேலை செய்யும். நீண்ட எக்ஸ்பிரஸுக்கு 3ஏ. நாலைந்து பெட்டி பாசஞ்சருக்குப் பழைய 2 தாராளம்.